அரிசியில் பிளாஸ்டிக்கா?



இன்று சோற்றைப் பற்றிப் பேசுவோம். செல்போனைப் பற்றியும் பேசுவோம். சோற்றுக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா?

சம்பந்தம் இருக்கிறது. எதைச் சமைப்பது, எதைத் தின்பது, எதைத் தூக்கி எறிவது என்று முன்பெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். இன்று பல வீடுகளில் செல்போன் சொல்கிறது. அது சொல்வதில் உண்மையும் உண்டு. பொய்யும் உண்டு. இரண்டும் ஒரே மாதிரிதான் வந்து சேருகின்றன. பிரித்துப் பார்ப்பது எப்படி?

முதலில் ஒரு கதை. இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் நம் நாட்டில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம்.

ஒரு வீட்டில் நடந்தது

ஓர் ஊரில் ஒரு சிறிய குடும்பம். மகன் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விட்டான். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. மாமியாரின் மகள் தூரத்து நகரத்தில் தையல் ஆலையில் வேலை செய்கிறாள்.

ஒருநாள் காலை. மாமியாரின் போனில் மணி அடித்தது. மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அதில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கையில் அரிசி. "இது ரேஷன் அரிசி. இதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது. தின்றால் புற்றுநோய் வரும். உங்கள் சொந்தபந்தம் எல்லோருக்கும் உடனே அனுப்புங்கள்" என்று ஒரு குரல் சொன்னது.

கீழே மகள் எழுதியிருந்தாள்: "அம்மா, அண்ணியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்."

மாமியார் பதறிப் போனார். ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிப் பார்த்தார். ஆமாம்! நூற்றில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் மஞ்சளாக, மழமழவென்று இருந்தது. தண்ணீரில் போட்டால் சில மிதந்தன.

"அம்மாடி, இதையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டுச் சமை" என்றார்.

"சரி அத்தை" என்றாள் மருமகள். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பொறுக்கினாள். பொறுக்கியதைக் குப்பையில் கொட்டினாள்.

அடுத்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. "கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தின்றால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும். வயிற்றில் குழந்தை பெரிதாகிவிடும். மாத்திரை வேண்டாம். பீட்ரூட் சாறு குடியுங்கள். ஏழே நாளில் ரத்தம் ஊறும்."

மருமகள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். பீட்ரூட் சாறு குடித்தாள். ஒரு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். கண் இருட்டியது. குடம் விழுந்தது. அவளும் விழுந்தாள்.

ரத்தம் பரிசோதித்தார்கள்

ஊரில் ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்தார். 'ஆஷா' பணியாளர் என்று சொல்வோமே, அவர்தான். ஓடி வந்தார். மருமகளின் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது. நகமும் வெளுத்திருந்தது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிக்குச் சாதாரணமாக 11 கிராமாவது இருக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் என்றால் என்ன? அது ரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருள். நாம் இழுக்கும் மூச்சில் இருந்து பிராணவாயுவை எடுத்து உடம்பு முழுவதும் கொண்டுபோய்க் கொடுப்பது அதுதான். அதைச் செய்ய உடம்புக்கு இரும்புச் சத்து தேவை. அது குறைந்தால் ரத்தசோகை. தாய்க்கு மூச்சு வாங்கும். தலை சுற்றும். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். குறை மாதத்தில் பிறக்கலாம். பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு இருந்தது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இருந்தது. ஆண்களிலும் 100-க்கு 25 பேருக்கு இருந்தது.

பாருங்கள். ரத்தம் குறைந்தவர்கள் இத்தனை பேர் உள்ள நாட்டில்தான், இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் செய்தி போன் வழியாகச் சுற்றுகிறது.

மருத்துவர் மருமகளுக்கு ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்றினார். "நல்ல வேளை, இப்போதாவது வந்தீர்கள்" என்றார்.

செய்தியின் வேரைத் தேடினார்கள்

மறுநாள் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்தார். மாமியார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"என் மகள் சொன்னாள் என்றுதான் செய்தேன். அவள் எனக்குப் பொய் சொல்வாளா?" என்று கேட்டார்.

"அவர் பொய் சொல்லவில்லை அம்மா. யாரோ சொன்ன பொய்யைக் கை மாற்றிவிட்டார். உங்கள் மேல் உள்ள பாசத்தால்தான் அனுப்பினார். வாருங்கள், அவரையே கேட்போம்" என்றார் பணியாளர்.

மகளுக்குப் போன் போட்டார்கள்.

"இந்த வீடியோ உனக்கு எங்கே கிடைத்தது?"

"பக்கத்து அறை அக்கா அனுப்பினார்கள் அம்மா."

"அவருக்கு யார் அனுப்பினார்கள்?"

மகள் கேட்டுச் சொன்னாள். "ஏதோ ஒரு குழுவில் வந்ததாம்."

"குழுவில் போட்டது யார்?"

"அவருக்கும் வேறு எங்கிருந்தோ வந்ததாம்."

"வீடியோவில் வரும் கை யாருடையது? எந்த ஊர்? எந்தக் கடை அரிசி? யார் சோதித்தார்கள்?"

"தெரியாது அம்மா."

நாலு பேரைத் தாண்டிப் போனார்கள். அங்கே ஆளே இல்லை! சொன்னவர் யார் என்று யாருக்குமே தெரியவில்லை. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். ஏன்? ஒவ்வொருவருக்கும் அது தெரிந்தவர் கையால் வந்தது.

இதுதான் முக்கியம். அந்நியர் வந்து சொன்னால் நாம் நாலு கேள்வி கேட்போம். மகள் அனுப்பினால் கேட்க மாட்டோம். தம்பி அனுப்பினால் கேட்க மாட்டோம். பொய் நம் வீட்டுக்குள் பாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

அப்படியானால் அந்த மஞ்சள் அரிசி என்ன?

அது பிளாஸ்டிக் இல்லை. அதன் பெயர் செறிவூட்டப்பட்ட அரிசி.

எப்படிச் செய்கிறார்கள்? அரிசியை மாவாக அரைக்கிறார்கள். அந்த மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி-12 ஆகியவற்றைக் கலக்கிறார்கள். தண்ணீர் விட்டுப் பிசைகிறார்கள். நாம் முறுக்கு அச்சில் மாவைப் பிழிகிறோம் அல்லவா? அதுபோல் இயந்திரத்தில் பிழிந்து, அரிசி வடிவத்தில் வெட்டி, உலர்த்துகிறார்கள். பிறகு 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ வீதம் இதைக் கலக்கிறார்கள். அதனால்தான் நூற்றில் ஒன்று வேறு மாதிரி தெரிகிறது. மாவைப் பிழிந்து செய்ததால் சில மிதக்கின்றன.

2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் இதை அறிவித்தார். 2024-க்குள் ரேஷன் கடை, பள்ளி மதிய உணவு, அங்கன்வாடி எல்லாவற்றிலும் இந்த அரிசியைக் கொடுப்போம் என்றார். அதன்படி கட்டம் கட்டமாக நாடு முழுவதும் கொடுத்தார்கள்.

ஆனால் அரிசி வந்த வேகத்தில் விளக்கம் வரவில்லை. 2022 மே மாதம் உணவு உரிமைக்காகப் பாடுபடும் குழுவினர் ஜார்க்கண்ட் மாநிலத்துக்குப் போனார்கள். ஊர் ஊராக மக்களிடம் பேசினார்கள். பலர் இதைப் பிளாஸ்டிக் என்று நினைத்துப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். இது என்ன அரிசி, ஏன் கலக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மக்கள் மேல் தப்பு இல்லை. தட்டில் புதிதாக ஒன்று வந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். சந்தேகப்படுவது நல்லது. ஆனால் சந்தேகம் வந்தவுடன் என்ன செய்கிறோம்? கேட்டுத் தெரிந்துகொள்கிறோமா? அல்லது பயந்து நாலு பேருக்கு அனுப்புகிறோமா? வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நாமே சோதித்துப் பார்க்கலாம்

ஆஷா பணியாளர் மாமியாரிடம் "என் பேச்சையும் நம்ப வேண்டாம் அம்மா. நீங்களே பாருங்கள்" என்றார்.

முதல் சோதனை. மஞ்சள் அரிசியில் இருபது பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். பழைய சட்டைப் பொத்தான் ஒன்றை இன்னொரு கிண்ணத்தில் போட்டார். இரண்டிலும் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தார். அரிசி வெந்தது. விரலால் நசுக்கினார். மாவாக மசிந்தது. பொத்தான் அப்படியே கல் மாதிரி இருந்தது.

இரண்டாம் சோதனை. காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை எடுத்தார். வெந்த அரிசி மேல் ஒரு சொட்டு விட்டார். அது கருநீலமாக மாறியது. பொத்தான் மேல் ஒரு சொட்டு விட்டார். நீலம் வரவில்லை. மாவுச் சத்து இருந்தால்தான் அந்தக் கருநீலம் வரும். பிளாஸ்டிக்கில் வராது. (சோதனை செய்த அரிசியைச் சாப்பிடக் கூடாது. தனியாகக் கொட்டிவிட வேண்டும்.)

"வேறொரு வீடியோவில் சோற்றை உருட்டிப் போட்டார்கள். பந்து மாதிரி துள்ளியதே?" என்று மாமியார் கேட்டார்.

"உங்கள் வயலில் விளைந்த அரிசியை வடித்து, இறுக்கி உருட்டிப் போட்டாலும் துள்ளும் அம்மா. அது மாவுச் சத்தின் பசைத்தன்மை" என்றார் பணியாளர்.

மாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி.

"பிளாஸ்டிக் விலை அதிகமா? அரிசி விலை அதிகமா?"

பிளாஸ்டிக் மூலப்பொருள்தான் கிலோவுக்கு விலை அதிகம். விலை குறைந்த அரிசியில் விலை கூடிய பிளாஸ்டிக்கை எந்த வியாபாரி கலப்பான்? கல்லைக் கலப்பான். குருணையைக் கலப்பான். நட்டத்துக்கு யாரும் கலப்படம் செய்வதில்லை.

உண்மையிலும் அளவு உண்டு

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொய்யை மறுக்கிறோம் என்று எதிர்ப்பக்கம் போய் விழக் கூடாது.

"செறிவூட்டப்பட்ட அரிசி சாப்பிட்டால் போதும், ரத்தசோகை ஓடிவிடும்" என்று யாராவது சொன்னால் அதையும் கேள்வி கேட்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். விதிப்படி இந்த அரிசி 1 கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்புச் சத்து இருக்க வேண்டும். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு நாளில் ஒரு கிலோ அரிசியை யாரும் சாப்பிட முடியாது. ஆகவே மாத்திரைக்குப் பதிலாக அரிசி ஆகாது. நான்காம் மாதம் முதல் தினம் ஒரு மாத்திரை, 180 நாள் சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும்.

பீட்ரூட் நல்ல காய்தான். சாப்பிடலாம். ஆனால் அதில் இரும்புச் சத்து குறைவு. அதன் சிவப்பு வேறு, ரத்தத்தின் சிவப்பு வேறு. கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு, முட்டை, மீன், ஈரல் இவற்றை வசதிப்படி சேர்த்துக்கொள்ளலாம். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சாப்பிட்டால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். மாத்திரை போட்டவுடன் தேநீர் குடித்தால் சேராது.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது இயல்பு. குழந்தை கறுப்பாகாது. குழந்தையின் நிறம் தாய் தந்தை வழி வருவது.

இன்னொரு உண்மையும் உண்டு. தலசீமியா, அரிவாள் அணு ரத்தசோகை என்று பிறவி ரத்த நோய்கள் உள்ளன. இந்த நோய்களில் சிலருக்கு உடம்பில் இரும்பு கூடிவிடும். 2018-இல் வந்த விதி, "தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் உண்ணலாம்" என்று இரும்பு சேர்த்த உணவுப் பொட்டலத்தில் எழுதச் சொன்னது. அரசு 2023-இல் அமைத்த வல்லுநர் குழு இந்த அரிசியில் உள்ள அளவால் ஆபத்து இல்லை என்றது. எல்லோருக்கும் ஒரே அரிசியைக் கொடுப்பது சரியா என்று வேறு சில வல்லுநர்கள் கேட்டார்கள். இப்படி அறிந்தவர்களுக்குள் விவாதம் நடப்பது நல்லதுதான். அவர்கள் பெயர் சொல்லி, ஆதாரம் காட்டிப் பேசுகிறார்கள். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வதந்தி யாரைச் சாப்பிட்டது?

வதந்தி புதியது அல்ல. குழந்தை பிறந்தவுடன் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிய காலம் உண்டு. அந்தச் சீம்பால்தான் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தருகிறது. அன்று வதந்தி நடந்து போனது. இன்று பறக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

2020 பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நினைவிருக்கிறதா? கொரோனா அப்போதுதான் வந்தது. கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று செல்போனில் செய்தி பரவியது. அது பொய். கோழி மூலம் கொரோனா பரவியதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் மக்கள் கோழி வாங்குவதை நிறுத்தினார்கள். விலை சரிந்தது. தெலங்கானாவில் அமைச்சர்கள் மேடையில் நின்று கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். கர்நாடகத்தில் பெலகாவி, கோலார் மாவட்டங்களில் பண்ணைக்காரர்கள் தீனி போட முடியாமல் ஆயிரக்கணக்கான கோழிகளை உயிரோடு குழி தோண்டிப் புதைத்தார்கள். தீனிக்கு மக்காச்சோளம் விளைவித்த விவசாயிக்கும் அடி விழுந்தது.

செய்தியை அனுப்பியவர்கள் கெட்டவர்களா? இல்லை. "எதற்கும் ஒருமுறை சொல்லி வைப்போம்" என்று நினைத்தவர்கள். அந்த "எதற்கும்" என்ற ஒரு சொல் எத்தனை குடும்பங்களைக் கடனில் தள்ளியது!

ஐந்து விரல், ஐந்து கேள்வி

சாப்பாடு பற்றி ஒரு செய்தி வந்தால் கையை விரித்துப் பாருங்கள். ஐந்து விரல்கள். ஐந்து கேள்விகள்.

ஒன்று: யார் சொன்னது? பெயர் இருக்கிறதா? ஊர் இருக்கிறதா? "ஒரு பெரிய டாக்டர் சொன்னார்" என்றால் எந்த டாக்டர்? அனுப்பியவரைக் கேட்கவில்லை. முதலில் சொன்னவரைக் கேட்கிறோம்.

இரண்டு: எப்படித் தெரிந்தது? யார் சோதித்தார்கள்? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? ஒருவர் சாப்பிட்டார், குணமானார் என்றால் போதாது. அவர் வேறு மருந்தும் சாப்பிட்டிருக்கலாம். தானாகவும் குணமாகியிருக்கலாம்.

மூன்று: யாருக்கு லாபம்? பேசி முடித்ததும் ஒரு பொடியை விற்கிறார்களா? ஒரு டப்பாவைக் காட்டுகிறார்களா? விளம்பரமும் ஒரு செய்திதான். பாலில் கலக்கும் மாவுகளை 'ஆரோக்கிய பானம்' என்று விற்றார்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரை அதிகம். 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம், இணைய வழியில் விற்பவர்கள் இவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் வைக்கக் கூடாது என்றது. 'ஆரோக்கிய பானம்' என்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே இல்லை. டப்பாவின் முன்பக்கப் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முதலில் எந்தப் பொருள் எழுதியிருக்கிறதோ அதுதான் அதிகம் கலந்த பொருள்.

நான்கு: நம்பினால் என்ன ஆகும்? "காலையில் ஒரு நெல்லிக்காய் தின்னுங்கள்" என்றால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. "மாத்திரையை நிறுத்துங்கள்" என்றால் நின்று யோசிக்க வேண்டும். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, காசநோய், கர்ப்பம். இவற்றுக்கான மருந்தை ஒரு வீடியோவை நம்பி ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

ஐந்து: வேறு எங்கே கேட்கலாம்? அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா பணியாளர், கிராமச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். இவர்களுக்கு முகம் உண்டு. பெயர் உண்டு. தவறாகச் சொன்னால் நாளை மறுபடி போய்க் கேட்கலாம். பல மாநிலங்களில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. அன்றும் கேட்கலாம்.

செய்தியே சில நேரம் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். "உடனே அனுப்புங்கள்", "இதை மறைக்கிறார்கள்", "ஏழே நாளில்", "எல்லா நோய்க்கும் ஒரே மருந்து" என்றெல்லாம் வந்தால் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். பல பேர் அனுப்பியதால் பொய் உண்மையாகிவிடாது.

அதற்காகப் போனில் வருவது எல்லாம் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். கெட்டுப்போன அரிசி, பூச்சி பிடித்த பருப்பு வந்தால் அதைப் படம் எடுத்து அதிகாரிகளுக்கு அனுப்ப அதே போன் உதவும். கேள்வி கேட்டுவிட்டுப் பயன்படுத்துவோம்.

கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை

"மூத்தவர் அனுப்பியதை எப்படிக் கேள்வி கேட்பது? கோபித்துக்கொள்வாரே" என்று சிலர் தயங்குகிறார்கள்.

"பொய் அனுப்பாதீர்கள்" என்றால் கோபம் வரும். "அண்ணா, நல்லெண்ணத்தில் அனுப்பியிருக்கிறீர்கள். இதை முதலில் சொன்னது யார் என்று விசாரித்துச் சொல்கிறீர்களா?" என்றால் வராது. தெரியவில்லை என்றால் அனுப்பாமல் விடுவோம். அனுப்பாமல் விடுவதும் ஓர் உதவிதான்.

கதைக்கு வருவோம்

மருமகள் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டாள். அரிசியைப் பொறுக்கி எறிவதை நிறுத்தினாள். மறுபடி ரத்தம் பார்த்தபோது 10 கிராமுக்கு மேல் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் பிரசவம் நடந்தது. பெண் குழந்தை. எடை 2 கிலோ 700 கிராம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள். மாமியாரின் போனில் மணி அடித்தது. உறவுக்காரர் ஒருவர் வாழ்த்துச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். "பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவுங்கள். அறிவாளியாக வளரும்" என்று அதில் சொன்னார்கள்.

பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெண் தேன் பாட்டிலைத் தேடினாள்.

மாமியார் கையை நீட்டித் தடுத்தார். "பொறு. யார் சொன்னது? எப்படித் தெரிந்ததாம்?" என்று கேட்டார். வெளியே போய்ச் செவிலியரை அழைத்து வந்தார்.

"ஒரு வயது வரை தேன் கூடாது அம்மா. அதில் உள்ள கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம்" என்றார் செவிலியர்.

மாமியார் அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பியவருக்கு மட்டும், தானே எழுத்துக் கூட்டிப் பதில் எழுதினார்: "வாழ்த்துக்கு நன்றி. தேன் வேண்டாம் என்று செவிலியர் சொல்கிறார். நீங்களும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்."



கலந்து பேசுவோம்

1. சாப்பாடு பற்றி உங்கள் போனுக்குக் கடைசியாக வந்த செய்தி எது? அதை முதலில் சொன்னவர் யார் என்று தெரியுமா?

2. மாமியார் செய்தது தவறா? மகள் செய்தது தவறா? விளக்கம் சொல்லாமல் அரிசி கொடுத்தவர்களுக்கும் பொறுப்பு உண்டா?

3. வீட்டில் உள்ள ஒரு தின்பண்டப் பொட்டலத்தை எடுத்து வாருங்கள். பின்பக்கம் முதலில் எழுதியுள்ள மூன்று பொருள்களைப் படியுங்கள்.

4. உங்கள் ஊர் ஆஷா பணியாளர், கிராமச் செவிலியர் ஆகியோரின் பெயரையும் போன் எண்ணையும் கேட்டு, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.